வண்டிக் கதவு சாத்திய பிறகு: குடும்ப வன்முறையை அடையாளம் காண ஆம்புலன்ஸ் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் முழு வழிகாட்டி

கல்லல் பக்கம் ஒரு கிராமம். இரவு பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் சின்ன வெட்டு. துடைத்துக் கட்டுப் போட்டேன். "எப்படிக்கா விழுந்தீங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற கணவர் பதில் சொன்னார். "குரல் ஏன் கம்மியிருக்கு, சளி பிடிச்சிருக்கா?" அதற்கும் அவரே "ஆமா, ரெண்டு நாளா" என்றார். வழி முழுக்க அவர் ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். படிவத்தில் "படியில் விழுந்து நெற்றியில் காயம்" என்று எழுதி ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன்.

நாலாம் நாள் அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. இந்த முறை அவருக்கு வலது கையும் காலும் விளங்கவில்லை, வாய் கோணியிருந்தது. கழுத்தில் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போயிருக்கிறது என்று பிறகு மருத்துவர் சொன்னார். முதல் அழைப்பு வந்த அன்று இரவு கணவன் கழுத்தைப் பிடித்து நெரித்தான் என்று அவருடைய அம்மா சொன்னது அதற்கும் பிறகு. அந்தக் கம்மிய குரலை நான் கேட்டேன், அதைப் பற்றிக் கேள்வியும் கேட்டேன். கேட்கக் கூடாத ஆளை வைத்துக்கொண்டு கேட்டேன்.

செட்டிநாட்டில் 108 வண்டியிலும் தனியார் ஆம்புலன்ஸிலும் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேஸ் வந்துபோகும் இடங்களில் அந்தப் பெண்ணைக் கணவனிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் பிரித்து, கதவைச் சாத்தி, ஒரே ஒரு ஆள் மட்டும் பேசக்கூடிய இடம் ஆம்புலன்ஸின் பின்பகுதிதான். வீட்டில் அந்த இடம் கிடைக்காது. கூட்டம் நிறைந்த கேஷுவாலிட்டியிலும் பல நேரம் கிடைக்காது. கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு ஏறக்குறைய இருபது நிமிடம், தேவகோட்டையிலிருந்து அரை மணி நேரம். அந்த இருபது முப்பது நிமிடத்தை என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி முழுவதும்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பின் முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். "நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்ல சார்" என்று யாராவது சொல்வார்கள். வாக்குவாதம் வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் "கீழே விழுந்தது" என்று எழுதிய பெண் கேஸ்களின் படிவங்களை எடுத்து வரச் சொல்லுங்கள். மேற்கொண்டு அவர்களே பேசுவார்கள்.

வகுப்புக்கு முன்பு செய்ய வேண்டியது

மருத்துவ உதவியாளரையும் பைலட்டையும், அதாவது வண்டி ஓட்டுநரையும், ஜோடியாகக் கூப்பிடுங்கள். பைலட்டை விட்டுவிட்டு நடத்தும் வகுப்பால் பாதிப் பயன்கூட இல்லை. ஏன் என்பது பின்னால் வரும். ஒரு தொகுதிக்கு ஆறு ஜோடி போதும். முழுதாக இரண்டு நாள், அப்புறம் மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம்.

பயிற்சியாளர் முதலில் தன் கால் தேய நடந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். 181 பெண்கள் உதவி எண், ஆபத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மனநல உதவிக்கு 14416. இவை நாடு முழுக்க ஒரே எண்கள்தான். உங்கள் பகுதிக்கான எண்களை நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்: மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், சகி என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம், காரைக்குடி, தேவகோட்டை அனைத்து மகளிர் காவல் நிலையங்கள், நீங்கள் கேஸ் கொண்டுபோகும் மருத்துவமனையின் இரவு நேர செவிலியர். ஒவ்வொரு எண்ணையும் இரவில் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணை பட்டியலில் வைக்காதீர்கள்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. செட்டிநாடு ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, திருமயம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். பாதுகாப்பு அலுவலரும் அதற்கேற்ப மாறுவார். ஆனால் பெண் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் வழக்குத் தொடரலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. திருமயத்தில் வாழ்க்கைப்பட்டவர் காரைக்குடி அம்மா வீட்டில் இருந்துகொண்டே மனு கொடுக்கலாம். "எல்லை இல்லை, அங்கே போ" என்று அலைக்கழிக்கும்போது இந்த ஒரு வரி அவருக்கு உதவும்.

வகுப்பைத் தொடங்கும்போது இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவர் இதை வீட்டில் பார்த்திருப்பார், இல்லை இன்றும் அனுபவித்துக்கொண்டிருப்பார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், காரணம் கேட்க மாட்டோம், சொந்தக் கதையைச் சொல்லும்படி யாரையும் கேட்க மாட்டோம்.

முதல் படி: நாக்கில் இருக்கும் வாக்கியங்களை மாற்றுவது

"புருஷன் பொண்டாட்டி சண்டையில நாம எதுக்கு?" "குடிச்சா அப்படித்தான்." "அடிக்கிற கைதான் அணைக்கும்." இவற்றைப் பலகையில் எழுதுங்கள். இவற்றைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் பெண் காதில் இதில் ஒன்று விழுந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்த முறை நம்மைக் கூப்பிடக்கூட மாட்டார்.

"ஏன் விட்டுட்டு வரலை?" என்ற கேள்வியைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். பிள்ளைகள், கையில் காசில்லாமை, அடகில் இருக்கும் நகை, திரும்பி வந்த பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர் என்று பயிற்சி பெறுபவர்களே அடுக்குவார்கள். அதோடு அவர்கள் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: விட்டு வரும் நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம். பிரிந்து போகிறேன் என்று சொன்னபோதும் பிரிந்த உடனேயும்தான் கொலைகள் அதிகம் நடக்கின்றன. அதனால் "கிளம்பி வந்துடுங்க" என்று வண்டியில் அவசரப்படுத்துவது நம் வேலை இல்லை.

சட்டம் எதையெல்லாம் வன்முறை என்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2005இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. உடல், பாலியல், வாய்ச்சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்று நான்கையும் சொல்கிறது. சீர் நகையைப் பிடுங்கி அடகு வைப்பதும், வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் வைப்பதும் அதில் வரும். மனைவிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மகனிடம் அடி வாங்கும் ஆச்சிக்கும், அண்ணன் வீட்டில் இருக்கும் தங்கைக்கும், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் நுழைவது

நம் ஊர் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போகப் போக வெளியுலகம் தூரமாகிவிடும். இரண்டாம் கட்டில் ஒருவர் கத்தினால் முகப்பில் கேட்காது, தெருவுக்குச் சுத்தமாகக் கேட்காது. பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பழைய வீட்டில் ஒரு பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம், காவலுக்கு இருக்கும் தம்பதி, சமையலுக்கு வந்த பெண் என்று யார் எங்கே இருக்கிறார்கள் என்பதும் வெளியே தெரியாது. ஓட்டு வீட்டிலும் லைன் வீட்டிலும் அடி விழுந்தால் தெருவே கேட்கும். பெரிய வீட்டில் அது நடக்காது. வசதியான வீடு, படித்த குடும்பம் என்று பார்த்து சந்தேகத்தைக் கைவிடக் கூடாது.

பைலட்டுக்குச் சொல்ல வேண்டியது: வண்டியைத் திருப்பி, வெளியேறும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். பின்பக்கத் தெருவில் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போகும்போது பின்னால் வரும் கதவைத் தாழ்ப்பாள் போட விடாதீர்கள். அடுப்படியில் நின்று பேச வேண்டாம், அங்கே அரிவாள்மனையும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கும். கையில் ஆயுதம் இருக்கிறது, அடி இன்னும் நிற்கவில்லை என்றால் உள்ளே போகாமல் 112க்குச் சொல்லிவிட்டு வண்டியில் காத்திருங்கள். அடிபட்ட ஊழியரால் யாரையும் காப்பாற்ற முடியாது.

வாசலில் கவனிக்க வேண்டியவை சில. கேள்வி அவருக்கு, பதில் வேறொருவரிடமிருந்து. காயம் காலையில், அழைப்பு இரவில். உடைந்த கண்ணாடி வளையல், கிழிந்த ரவிக்கை, மூலையில் ஒடுங்கி நிற்கும் பிள்ளை. பேசும்முன் அவர் யாருடைய முகத்தைப் பார்க்கிறார் என்பது. ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், இரண்டு மூன்று சேர்ந்தால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் எதையும் கேட்காதீர்கள். கணவரிடம் முறைப்பும் வேண்டாம். நம் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் அவர் வண்டியில் ஏறவே விடமாட்டார்.

மூன்றாம் படி: பிரிப்பது

கூடவே வருகிறவரை முன் சீட்டில் உட்கார வைப்பதுதான் பயிற்சியின் முக்கியமான திறமை. இதைச் செய்ய வேண்டியவர் பைலட்.

"சார், பின்னாடி ஆக்ஸிஜன், மானிட்டர் எல்லாம் மாட்டணும், இடம் பத்தாது. நீங்க முன்னாடி என்கூட வாங்க, வழியும் சொல்லுங்க."

கேட்கிற தொனி வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், எல்லோருக்கும் இதுதான் வழக்கம் என்கிற தொனி. உண்மையில் எல்லோருக்கும் இதையே வழக்கமாக்கிவிடுங்கள். நெஞ்சுவலி கேஸானாலும் பிரசவ கேஸானாலும் கூட வருபவர் முன் சீட்டு. அப்போதுதான் சண்டைக் கேஸில் இது தனியாகத் தெரியாது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சிறு ஜன்னலைச் சாத்த மறக்காதீர்கள். பைலட் வழி நெடுக அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரட்டும், குன்றக்குடித் திருவிழாவோ, மழையோ, எதுவோ. பெண் துணை யாராவது வேண்டும் என்று வீட்டார் அடம் பிடித்தால் மாமியாரைத் தவிர்த்து அந்தப் பெண்ணே கை காட்டும் ஆளை ஏற்றுங்கள். அவர்கூட இல்லாமல் பேச முடிந்தால் இன்னும் நல்லது. உதவியாளர் ஆணாக இருந்தால், துணையை எங்கே உட்கார வைக்கட்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை, தன் முன்னால் பேசியதை வீட்டில் போய்ச் சொல்லிவிடும்.

நான்காம் படி: உடம்பைப் பார்ப்பது

தவறி விழுந்தவருக்கு முட்டி, முழங்கை, உள்ளங்கையில் சிராய்ப்பு இருக்கும். அடி வாங்கியவருக்கு முகம், கழுத்து, மார்பு, வயிறு, முதுகு என்று நடு உடம்பில் இருக்கும். முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைந்திருந்தால், தலைமேல் விழுந்த அடியைக் கை தூக்கித் தடுத்திருக்கலாம். மேல்கையின் உட்பக்கம் விரல் விரலாகக் கன்றியிருந்தால் அது பிடித்து உலுக்கிய அடையாளம். கன்னத்தில் அறை வாங்கியவர் காது அடைத்திருக்கிறது என்பார். செவிப்பறை கிழிந்திருக்கலாம், காதில் சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள். கன்றிய நிறத்தை வைத்து இது இத்தனை நாள் காயம் என்று எழுத வேண்டாம். நிறம் ஆளுக்கு ஆள் மாறும். நீலம், பச்சை, மஞ்சள் என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

சிகிச்சை வழக்கம்போலத்தான்: மூச்சு, ரத்தப்போக்கு, நினைவு, எலும்பு. அதை இங்கே விரிக்கவில்லை. மூன்று விஷயங்களில் மட்டும் நிற்கிறேன்.

*கழுத்து.* எனக்கு இதுதான் முதல். அமெரிக்காவின் சான் டியேகோவில் கழுத்தை நெரித்த 300 வழக்குகளை ஆராய்ந்தபோது, பாதிப் பேருக்கு வெளியே எந்தத் தடயமும் தெரியவில்லை. அதனால் "கழுத்தில் ஒன்றும் இல்லை" என்ற வரியை நம்பாதீர்கள். கழுத்து ரத்தக் குழாய்கள் இரண்டும் அடைபட்டால் பத்து வினாடிக்குள் நினைவு போகும். பிறகு நினைவு திரும்பும், என்ன நடந்தது என்பதே சிலருக்கு ஞாபகம் இருக்காது. வீக்கம் மெதுவாக ஏறி மூச்சுக்குழாயை அடைக்க மணிக்கணக்கு ஆகலாம். நான் பார்த்ததுபோல் ரத்தக் குழாய் கிழிந்தால் நாட்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம்.

கேட்க வேண்டியவை: குரல் மாறியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் இருட்டியதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா. பார்க்க வேண்டியவை: கீழ் இமையை இழுத்து உள்ளே சிவப்புப் புள்ளிகள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், தாடைக்குக் கீழே. தாலிக் கயிறும் சங்கிலியும் பதிந்த கோடு. அவருடைய சொந்த நகக்கீறல், அது தன் கழுத்திலிருந்த கையை விலக்கப் பார்த்தபோது வந்திருக்கும். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அவசரம்: உட்கார்ந்த நிலையில் வைத்து ஆக்ஸிஜன் கொடுங்கள், கட்டாயப்படுத்திப் படுக்க வைக்காதீர்கள், கால் சென்டர் மருத்துவரிடம் பேசி ஸ்கேனும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். நன்றாக இருக்கிறார் என்று தோன்றினாலும், குரல் மாற்றமோ நினைவு தப்பியதோ இருந்தால் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவன் பிறகு கொலை வரை போகும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. இதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

"கழுத்தை நெரிச்சாரா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "கழுத்துல கை வச்சாரா? சேலையை இறுக்கினாரா? முட்டிக்கையால அமுக்கினாரா?" என்று கேளுங்கள். ஆமாம் வரும்.

*தீயும் விஷமும்.* "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று அழைப்பு வந்தால் முதலில் உயிர், கதை அப்புறம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். வளையல், மெட்டி, ஒட்டாத துணியைக் கழற்றுங்கள், ஒட்டியதை இழுக்காதீர்கள். இங்க், மாவு, பற்பசை பூசியிருந்தால் மெதுவாகக் கழுவுங்கள். மூக்கு முடி கருகியிருந்தால், சளியில் கரி இருந்தால், குரல் கரகரத்தால் மூச்சுக்குழாய் வெந்திருக்கிறது, ஆக்ஸிஜனோடு வேகமாகக் கிளம்புங்கள். பெரிய தீக்காயத்துக்குப் பெரியவர் என்றால் மணிக்கு 500 மில்லி ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் டிரிப்) என்று தொடங்கி மருத்துவரின் சொல்படி மாற்றுங்கள். மண்ணெண்ணெய் வாசனை வந்ததா, எந்தப் பக்கம் அதிகம் வெந்திருக்கிறது என்பதைப் படிவத்தில் எழுதுங்கள். கழற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் போட்டு ஒப்படையுங்கள். தூக்கில் இருந்து இறக்கும்போது முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சுக்கு மேலே கயிற்றை வெட்டுங்கள்.

விஷம் குடித்த பெண்ணின் பின்னால் பல நேரம் அந்த வாரத்து அடி இருக்கிறது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்க விடாதீர்கள். பூச்சி மருந்தென்றால் கண்மணி ஊசி முனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், அட்ரோபின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அரளி விதையில் நாடி மெதுவாகி ஒழுங்கு தவறும், மானிட்டரை எடுக்காதீர்கள். எலி பேஸ்ட் தின்றவர் முதல் நாள் நன்றாகவே பேசுவார், கல்லீரல் கெடுவது அதற்கப்புறம். "நல்லாத்தானே இருக்கா" என்று வீட்டார் சொன்னாலும் ஏற்றிக்கொண்டு போங்கள். பாட்டிலையும் டியூபையும் எடுத்து வாருங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படுவார். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்வதை அவர் காதில் போடுங்கள்.

*கர்ப்பம்.* வயிற்றில் உதை வாங்கியவருக்கு வெளியே ரத்தம் வராமலேயே நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளே ரத்தம் தேங்கலாம். வயிறு கல்லாக இறுகியிருக்கிறதா, குழந்தை அசைகிறதா என்று பாருங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் என்றால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். வயதையும் கேளுங்கள். 18க்குக் கீழே என்றால் அது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கேஸ், தெரிவித்தே ஆக வேண்டும். அதை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

ஐந்தாம் படி: கேட்பது

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரிசை சொல்கிறது: கவனித்துக் கேள், தேவையை விசாரி, நம்புகிறேன் என்று உணர்த்து, பாதுகாப்பைக் கூட்டு, உதவியோடு இணை. வகுப்பில் இதை மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தேன், வண்டியில் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. அதனால் இப்போது மூன்று வாக்கியங்களை மட்டும் கற்றுக்கொடுக்கிறேன், நம் பேச்சில்.

கேட்க: "அக்கா, இந்த மாதிரி காயத்தோட வர்ற சிலருக்கு வீட்ல யாரோ அடிச்சிருப்பாங்க. அதனால எல்லார்கிட்டயும் கேக்கிறேன். உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்ததா?"

அவர் சொன்னால்: "சொன்னது நல்லதுக்கா. நீங்க தப்பு எதுவும் பண்ணல. யாரும் யாரையும் இப்படி அடிக்கக் கூடாது."

அப்புறம்: "இன்னைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போனா பயமா இருக்கா?"

மூன்றாவதுக்கு ஆமாம் வந்தால் மேலும் கேளுங்கள். கொல்லுவேன் என்று சொன்னாரா, கழுத்தில் கை வைத்தாரா, முன்பைவிட அடி கூடியிருக்கிறதா, பிள்ளைகளையும் அடிக்கிறாரா. இரண்டுக்கு மேல் ஆமாம் என்றால் ஒப்படைக்கும்போது இதை முதல் வரியாகச் சொல்ல வேண்டும்.

இல்லை என்று சொன்னால் "சரிக்கா" என்று விட்டுவிடுங்கள். பொய் சொல்கிறார் என்று முகத்தில் காட்டாதீர்கள். "எப்ப வேணும்னாலும் நூத்தி எண்பத்தொண்ணுக்கு அடிக்கலாம், காசு இல்ல, ராத்திரியும் எடுப்பாங்க" என்று சொல்லுங்கள். நோட்டீஸ், கார்டு எதையும் கையில் திணிக்காதீர்கள், வீட்டில் பையைச் சோதிப்பார்கள். எண்ணை வாயால் இரண்டு முறை சொல்ல வையுங்கள். பேசிய பிறகு போனில் அந்த எண்ணை அழித்துவிடச் சொல்லுங்கள்.

சமாதானம் செய்யப் போகாதீர்கள். "நான் அவர்கிட்ட பேசறேன்" என்று நல்ல மனதோடு சொன்ன ஓர் உதவியாளரை எனக்குத் தெரியும். அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு அதற்கும் சேர்த்து அடி விழுந்தது.

ஆறாம் படி: வர மறுத்தால்

பாதிக் கேஸ் இப்படித்தான் போகும். "ஒண்ணும் வேணாம், போயிடுங்க" என்று அவரே சொல்வார், பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அப்போது "ரத்த அழுத்தம் பார்க்காம போனா எங்களுக்குத்தான் கேள்வி வரும், வண்டியில ஏறி ரெண்டு நிமிஷம் உட்காருங்க" என்று கூப்பிடுங்கள். அந்த இரண்டு நிமிடம் போதும். தலையில் அடி, நினைவு மங்கல், கழுத்து, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் கால் சென்டர் மருத்துவரை அவரிடமே போனில் பேச வையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அது அவருடைய முடிவு. எந்த அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லி, மறுப்புப் படிவத்தில் அவர் கையெழுத்தை மட்டும் வாங்குங்கள். கணவர் போட்ட கையெழுத்து அவருடைய மறுப்பு ஆகாது.

ஏழாம் படி: எழுதுவதும் ஒப்படைப்பதும்

பி.சி.ஆர். படிவம், அதாவது வண்டியில் நாம் எழுதும் நோயாளிப் பதிவு, ஒரு நாள் நீதிமன்றத்தில் கிடக்கும். அவர் சொன்னதை அவர் வார்த்தையில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்: "என் வீட்டுக்காரர் சேலையால கழுத்தை இறுக்கினார்." "அடித்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதாதீர்கள். "கணவர் அடித்ததாக நோயாளி கூறினார்" என்று எழுதுங்கள். யார், எதால், எப்போது. காயத்தின் இடம், அளவு சென்டிமீட்டரில். உடம்புப் படம் இருந்தால் குறியுங்கள். "குடும்பத் தகராறு" என்ற இரண்டு சொல்லில் எல்லாம் அழிந்துவிடும், அதைத் தொடவே வேண்டாம். சொந்தப் போனில் படம் எடுக்கக் கூடாது.

பெரிய தீக்காயத்தில் வழியில் அவர் சொல்வதே கடைசிப் பேச்சாகிவிடலாம். மரணமடைந்தவர் தன் சாவுக்கான காரணம் பற்றிச் சொன்னது சாட்சியாகும் என்று 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் கேள்வி கேட்டுக் கறக்க வேண்டாம். அவராகச் சொன்னதை, நேரம் போட்டு, மாற்றாமல் எழுதுங்கள். உடனே மருத்துவரிடம் சொன்னால் மாஜிஸ்திரேட்டை வரவழைப்பார்.

கேஷுவாலிட்டியில் எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லாதீர்கள். செவிலியரைத் தனியே கூப்பிட்டு நான்கே வரி: காயம், அவர் சொன்னது, கழுத்தில் கை வைத்ததா, கூட வந்தவர் யார். ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) போடும்போது "கீழே விழுந்தது" என்று எழுதிவிடக் கூடாது. ஏ.ஆர். காப்பி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும்படி அவரிடமும் சொல்லுங்கள். போலீஸில் முதலில் புகார் கொடு, பிறகு வைத்தியம் என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. கேட்டு வந்தவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 7ஆவது பிரிவே சொல்கிறது. பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்ல அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்கு வராது என்று 4ஆவது பிரிவு பாதுகாக்கிறது. ஊழியர்களுக்கு இந்தப் பயம் உண்மையிலேயே இருக்கிறது, அதனால் பிரிவு எண்ணோடு சொல்லுங்கள்.

எட்டாம் படி: வாயில் வரும்வரை ஒத்திகை

பிரிப்பதையும் கேட்பதையும் கேட்டுப் புரிந்துகொள்வதோடு விட்டால் வராது. இரண்டாம் நாளை முழுக்க நின்றிருக்கும் வண்டிக்குள் நடத்துங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் கணவர், நிஜ ஜோடி தங்கள் வேலையில். கணவராக நடிப்பவரிடம் ரகசியமாகச் சொல்லிவையுங்கள்: முன் சீட்டுக்குப் போக மறுக்க வேண்டும், நடுவில் போன் பண்ண வேண்டும், ஜன்னலைத் தட்ட வேண்டும்.

ஒரு பையன், நல்ல உதவியாளன், ஐவி போடுவதில் கை தேர்ந்தவன். "வீட்ல யாராவது அடிச்சாங்களா" என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவான். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுப்பான், மறுபடி மாட்டுவான், பல்ஸ் ஆக்ஸிமீட்டரைத் துடைப்பான். "சொல்ல வரமாட்டேங்குது சார், அக்கா மாதிரி இருக்காங்க, எப்படிக் கேக்கிறது" என்றான். ஏழு முறை செய்ய வைத்தேன். ஏழாவது முறை ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவில்லை. அவரைவிட உயரத்தில் நிற்காமல் கீழே உட்கார்ந்து, ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டான். கை வேலையில் இருக்கும்போது வாய்க்குக் கேள்வி வந்தது. அதிலிருந்து எல்லோருக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன்: பட்டையைச் சுற்றும்போது கேளுங்கள். அவருக்கும் கண்ணைப் பார்க்காமல் பதில் சொல்ல வழி கிடைக்கிறது.

தேர்வும் வண்டியிலேயே. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வரை ஓடும் வண்டியில், சைரன் போட்டுக்கொண்டு, தாளைப் பார்க்காமல் மூன்று வாக்கியமும் வர வேண்டும். கழுத்துக் கேள்விகளும் வர வேண்டும். இறங்கியதும் பத்து நிமிடத்தில் பி.சி.ஆர். எழுதிக் காட்ட வேண்டும். பைலட்டுக்கு முன் சீட்டு வசனமும் ஜன்னலும்.

அப்புறம் மாதாந்திர இரண்டு மணி நேரம். பெயர், ஊர் மறைத்து அந்த மாதத்துப் படிவங்களை நடுவில் போட்டு, கேட்க முடிந்ததா, யார் முன் சீட்டில் உட்கார்ந்தார், என்ன எழுதினோம் என்று பேசுங்கள். தூக்கம் வராமல் கஷ்டப்படுபவருக்கு 14416 இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், நம் ஆட்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள். ஒரே வீட்டு முகவரி இரண்டாம் முறை வந்திருந்தால் அந்தப் படிவத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துத் தொடங்குங்கள்.